சிறுசெலவிற் சமையல்: தம்பலகாமத்து அடுக்களையை முன்னிட்ட ஓர் ஆய்வு

சமையலைப் பற்றித் தமிழில் எழுதப் புகுவோர் நளபாகம் என்றும் வீமபாகம் என்றும் தொடங்குவதே பெருவழக்கு. அரசர் அடுக்களையும் மணவீட்டுப் பந்தியும் அவ்வாறு ஏடேறின. நாடோறும் மாலையில் வேலை முடிந்து வீடு மீளும் ஒருத்தி, ஓரடுப்பில், ஒரு மணி நேரத்துக்குள் ஐவருக்கு ஆக்கிப் படைக்கும் உணவோ அவ்வளவாக ஏடேறவில்லை. விதிவிலக்காக ஓரிடம் உண்டு. சங்கத் தொகையுள் ஒன்றாகிய சிறுபாணாற்றுப்படையில் நல்லூர் நத்தத்தனார் ஒரு பாணன் வீட்டு அடுக்களையைக் காட்டுகின்றார். பசி மிக்க அவ்வீட்டுப் பெண், குப்பையில் முளைத்த கீரையைக் கிள்ளிவந்து, உப்புக்கும் வழியின்றி வேகவைத்து, அயலார் கண்டுவிடுவரே என்னும் நாணத்தால் வாயிற்கதவைச் சாத்திக்கொண்டு சுற்றத்தோடு பகிர்ந்துண்கின்றாள். வறுமையைக் காட்டிலும் அந்த நாணமே படிப்போர் நெஞ்சைச் சுடுவது. கீரையுணவு தாழ்ந்தது, அதை மறைத்து உண்ணவேண்டும் என்னும் எண்ணம் அன்றிருந்தே வந்திருக்கின்றது. இன்றும் விருந்தினர் வரும்போது முருங்கையிலைக் கறியை உள்ளே வைத்துவிட்டுக் கடையில் வாங்கிய பாணை வெளியே கொணரும் வீடுகள் நம்மிடையே உள.

குறைந்த பொருளில், குறைந்த நேரத்தில், எளிதாக வீட்டில் ஆக்கும் உணவு எவ்வாறு அமைகின்றது? அது வறியோர்க்கு விதிக்கப்பட்ட குறையுணவா, அன்றி அறிவோடு செய்யப்படும் நிறையுணவா? இவ்வினாவைப் பொதுவில் ஆராய்வதினும் ஓர் ஊரை முன்வைத்து ஆராய்வது தெளிவு தரும். ஆதலின் திருகோணமலை மாவட்டத்துத் தம்பலகாமத்தை எடுத்துக்கொள்வோம்.

திருகோணமலை நகரிலிருந்து கந்தளாய் செல்லும் வழியில் அமைந்த இவ்வூர் வயல்சூழ் ஊர். கந்தளாய்க் குளத்து நீர் பாயும் நெல்வயல்கள் ஒருபால். திருகோணமலைத் துறைமுகத்தோடு இணைந்த தம்பலகாமக் குடா மற்றொருபால். நடுவே ஆதிகோணநாயகர் கோயில். பதினேழாம் நூற்றாண்டிற் போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்தபோது மறைத்துக் காக்கப்பட்ட திருவுருவம் பின்னர் ஈண்டு எழுந்தருளியது என்பது வழிவழி வந்த மரபு. பெரும்போகமும் சிறுபோகமும் விளையும் மண்ணாதலின் அரிசிக்கு இவ்வூர் வேற்றூரை நாடுவதில்லை. வளவுகளிலே தென்னையும் முருங்கையும், வரம்புகளிலே பொன்னாங்காணியும் வல்லாரையும், குடாவிலும் குளத்திலும் மீனும் இறாலும், பட்டிகளிலே எருமைத் தயிரும் உண்டு. இவற்றுடன் நாம் மறவாது குறிக்கவேண்டியது ஒன்று. இவ்வூருக்கும் நகருக்கும் இடையே சீனன்குடாவில், கடலோரத்திலே, 1980இல் இயங்கத் தொடங்கிய பிறீமா கோதுமை மா ஆலை நிற்கின்றது. கப்பலில் வந்திறங்கும் கோதுமை அங்கே மாவாகி நாடெங்கும் செல்கின்றது. தன் வாசலில் நெல்லும் அயலிற் கோதுமை மாவுமாக நிற்கும் இவ்வடுக்களை நம் ஆராய்ச்சிக்கு ஏற்றதொன்று.

மலிவு என்னும் சொல்லை நாம் பெரும்பாலும் கடைவிலையை நினைந்தே ஆளுகின்றோம். ஆயின் ஒரு வேளை உணவுக்கு மூவகைச் செலவு உண்டு: பண்டத்தின் விலை ஒன்று, அதனை வேகவைக்கும் எரிபொருள் ஒன்று, ஆக்குவோர் செலவிடும் நேரமும் உழைப்பும் ஒன்று. இம்மூன்றையும் சேர்த்து எண்ணாதவிடத்து மலிவென்று கருதியது செலவாகவும், செலவென்று கருதியது மலிவாகவும் முடியும். ஒரு சுண்டு பயறு ஒரு சுண்டு மைசூர்ப் பருப்பினும் குறைந்த விலைக்குக் கிடைத்தாலும், ஊறவிடாது அடுப்பிலேற்றினால் இரண்டு மடங்குக்கு மேல் விறகு தின்னும். கடையில் வாங்கும் பாண் விறகையும் நேரத்தையும் மீதப்படுத்தும்; ஆயின் உண்டோர் இரண்டு மணி நேரத்திற் பசிப்பர்.

இம்மூவகைச் செலவும் ஒருங்கே ஏறிய காலம் அண்மையில் வந்து போயிற்று. 2021ஆம் ஆண்டு இரசாயனப் பசளை இறக்குமதி திடீரெனத் தடுக்கப்பட்டமையால் நெல்விளைவு வீழ்ந்தது. அடுத்த ஆண்டு அந்நியச் செலாவணி வற்றியது. 2021 ஒற்றோபர் வரை 1,493 ரூபாவாக இருந்த பன்னிரண்டரைக் கிலோ சமையல் வாயு உருளையின் விலை, 2022 ஏப்பிரல் இறுதியில் 4,860 ரூபாவாயிற்று. அவ்விலைக்கும் வரிசையில் நின்றும் பலர் வெறுங்கையோடு திரும்பினர். 2022 செத்தெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதம். அஃதாவது, முன்னை ஆண்டு நூறு ரூபாவுக்கு வாங்கிய உணவுப் பண்டங்களுக்கு ஏறத்தாழ இருநூறு ரூபா கொடுக்கவேண்டியிருந்தது. அவ்வாண்டு இலங்கையில் 63 இலட்சம் மக்கள் போதிய உணவுறுதி இன்றி இருந்தனர் என்று உலக உணவுத் திட்டமும் உணவு விவசாய நிறுவனமும் கூடி மதிப்பிட்டன. பின்னர் விலையேற்றம் தணிந்தது எனினும் விலைகள் பழைய நிலைக்கு மீளவில்லை. இக்கட்டுரையின் பொருள் வெறும் அடுக்களைக் குறிப்பு அன்று என்பதற்கு இவ்வெண்களே சான்று.

முதலில் தீயை ஆராய்வோம்; ஏனெனில் அடுக்களையில் மிகுதியாக வீணாவது அதுவே. ஒரு கிலோ நீரைச் சாதாரண வெப்பநிலையாகிய 30 பாகையிலிருந்து கொதிநிலையாகிய 100 பாகைக்கு உயர்த்த ஏறத்தாழ 293 கிலோயூல் வெப்பம் வேண்டும். அதே ஒரு கிலோ நீரை முற்றும் ஆவியாக்கவோ 2,257 கிலோயூல் வேண்டும். ஏழரை மடங்கிலும் மிகுதி. இதனோடு இன்னொன்றையும் சேர்த்து எண்ணுக: திறந்த பானையில் நீர் ஒருமுறை கொதித்த பின், தீயை எவ்வளவு பெருக்கினாலும் அதன் வெப்பநிலை நூறு பாகைக்கு மேல் ஏறாது. ஆகவே தளதளவென்று பொங்கக் கொதிக்கும் பானையிற் சோறு விரைவில் வேகின்றது என்பது கண்மயக்கம். மெல்லக் கொதிக்கும் பானையிலும் அதே வேகத்திலேயே வேகும். மிகுதியாக எரித்த விறகு முழுவதும் நீராவியாய்க் கூரைவழியே போகின்றது. கொதி கண்டதும் விறகை வெளியே இழுத்துவிட்டு மூடியிட்டுத் தணலில் வைக்கும் நம் பாட்டிமாரின் பழக்கம் பௌதிக நூலோடு முற்றும் பொருந்துகின்றது.

மூன்று கல் அடுப்பில் எரியும் விறகின் வெப்பத்திற் பத்தில் ஒரு பங்களவே பானைக்குள் செல்கின்றது. எஞ்சியது காற்றுக்கும் சுவருக்கும் ஆக்குவோர் முகத்துக்கும் போகின்றது. அடுப்பைச் சுற்றிக் களிமண் அணைத்தாலே இவ்வீண் குறையும். ஒரு தீயில் இரு சட்டிகள் வைக்கத்தக்கதாகக் களிமண்ணாற் செய்யப்படும் ‘அனகி’ அடுப்பு இலங்கை முழுவதும் பரவியமைக்குக் காரணம் இதுவே. முன்வாயிற் சோறு வேகையிற் பின்வாயிற் பருப்பு வேகும். தனித் தீ வேண்டாம். வாயு முட்டுப்பாட்டுக் காலத்திற் கொல்லையிற் கிடந்த பழைய அடுப்புகளைத் தூசிதட்டி எடுத்த வீடுகள் பல. சிரட்டையும் பொச்சுமட்டையும் காய்ந்த தென்னோலையும் மீண்டும் எரிபொருளாயின. எனினும் புகை நுரையீரலுக்குப் பகை; புகைபோக்கி இல்லாத அடைத்த அடுக்களையில் விறகெரிப்பதைச் சிக்கனம் என்று போற்ற எமக்கு மனம் இல்லை.

தம்பலகாமத்தில் மலிந்து கிடக்கும் வைக்கோல் இவ்விடத்து நமக்கு உதவும். இரண்டாம் உலகப் போர்க் காலத்திற் பிரித்தானிய இல்லங்களில் எரிபொருளை மீதப்படுத்தும் பொருட்டு ஒரு முறை பெரிதும் பரப்பப்பட்டது. மரப்பெட்டியினுள் உலர்ந்த புல்லை இறுக அடைத்து, நடுவே பானை கொள்ளும் குழிசெய்து, கொதிக்கும் பானையை மூடியோடு அதனுள் இறக்கி, மேலும் புல்லடைத்த மெத்தையால் மூடிவிடுவர். உள்ளிருக்கும் வெப்பம் வெளியேற வழியின்மையால் உணவு தீயின்றியே வெந்து முடியும். புல்லுக்கு ஈடாக வைக்கோலை அடைத்தால் அது நம் ஊர்ப் பெட்டியாகிவிடும்; பெட்டி இல்லையேற் பனையோலைக் கடகமும் ஒரு பழந்தலையணையும் போதும். அரிசியை ஒரு மணி நேரம் ஊறவிட்டு, அளந்த நீரிற் பத்து நிமிடம் கொதிக்கவைத்துப் பெட்டியில் இறக்கினால், ஒரு மணி நேரத்திற் சோறு பதமாயிருக்கும். பானை நிறைய இருத்தல்வேண்டும்; அரைப்பானை விரைவில் ஆறிவிடும். வெந்ததும் சூடாகவே உண்ணவேண்டும். வெதுவெதுப்பான நிலையில் நெடுநேரம் கிடக்கும் சோற்றிற் கிருமி பெருகி வாந்தியும் வயிற்றோட்டமும் உண்டாக்கும் என்பதை மறத்தலாகாது.

இனி அரிசியின் தன்மை. கிழக்கு மாகாணத்துக் குடியானவர் பெரிதும் விரும்புவது புழுங்கல். அதிலும் தவிடு முற்றும் நீங்காத சிவப்புக் குத்தரிசி. நெல்லை ஊறவைத்து ஆவியில் அவித்து உலர்த்திப் பின் குற்றும்போது, தவிட்டிலுள்ள தயமின் என்னும் உயிர்ச்சத்து அரிசியின் உள்ளே ஊடுருவி நிற்கின்றது. ஆதலின் தீட்டும்போது முழுவதும் தவிட்டோடு போய்விடுவதில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் யாவாவில் ஒல்லாந்த மருத்துவர் ஐக்மன், தீட்டிய வெள்ளரிசி உண்ட கோழிகள் கால் சோர்ந்து விழுந்ததையும், தவிட்டோடு கூடிய அரிசியால் மீண்டதையும் கண்டு பெரிபெரி நோயின் காரணத்தை நெருங்கினார். அப்பணிக்காக 1929இல் நோபெல் பரிசிற் பங்கு பெற்றார். நாம் காலங்காலமாக அவித்துக் குற்றிய அரிசி அந்நோய்க்கு அரணாயிருந்தது. குத்தரிசிக்கு வேகும் நேரம் மிகுதி என்பது உண்மை; ஊறவிடுவதே அதற்கு மாற்று. ஊறல் தீயில்லாச் சமையல் எனலாம். வடித்த கஞ்சியை ஊற்றிவிடுவோர் தயமினையும் உடன் ஊற்றிவிடுகின்றனர். உப்பும் சிறிது தேங்காய்ப்பாலும் சேர்த்தால் அதுவே பிள்ளைகளுக்கு நல்ல குடிப்பு.

இவற்றை ஒருங்கே வைத்து, நால்வர் கொண்ட ஒரு வீட்டின் மாலையுணவைப் படிப்படியாக ஆக்கிப் பார்ப்போம். இரண்டு சுண்டு குத்தரிசி, அரைச் சுண்டு மைசூர்ப் பருப்பு, ஒரு தேங்காய், ஒருபிடி முருங்கையிலை, வெண்காயம், பச்சைமிளகாய், செத்தல்மிளகாய், மஞ்சள், தேசிக்காய், உப்பு. இவ்வளவே பண்டம். வீட்டிற்கு வந்ததும் அரிசியைக் களைந்து ஊறவிட வேண்டும். முகங்கழுவித் தேநீர் அருந்தி மற்றை அலுவல் பார்க்கும் நேரம் ஊறும் நேரமாகும். அடுப்பை மூட்டி அரிசியைக் கொதிக்கவைத்து வைக்கோற் பெட்டியில் இறக்கியதும் அடுப்பு ஒழிந்துவிடுகின்றது. அத்தீ அணையுமுன் பருப்பை வெண்காயம், பச்சைமிளகாய், மஞ்சள் இவற்றோடு நீர்விட்டு ஏற்றுக. தோல் நீக்கி இரண்டாகப் பிளந்த பருப்பாதலின் கால்மணி அல்லது இருபது நிமிடத்தில் மசியும். அது வேகும் நேரத்தில் தேங்காயைத் துருவ வேண்டும்.

இந்த ஒரு தேங்காயே நான்கு கறிக்கும் ஆதாரம். அதன் வகுப்பிலேதான் ஆக்குவோரின் திறமை விளங்கும். துருவிய பூவில் மூன்றில் ஒரு பங்கைச் சம்பலுக்கு எடுத்துவைத்து, எஞ்சியதைப் பிழிந்தால் முதற்பாலும், மறுபடி நீர்விட்டுப் பிழிந்தால் இரண்டாம் பாலும் வரும். முதற்பாலிற் பாதி பருப்புக்கு, பாதி சொதிக்கு. பிழிந்த சக்கையை எறிதல் கூடாது. முருங்கையிலையோடு சேர்த்து மூன்று நிமிடம் கிளறினால் அது வறையாகின்றது. செத்தல்மிளகாய், வெண்காயம், உப்பு இவற்றை அம்மியில் இடித்துப் பூவைச் சேர்த்துத் தேசிப்புளி விட்டாற் சம்பல்; இதற்குத் தீயே வேண்டுவதில்லை. இறுதியாகச் சொதி. இரண்டாம் பாலில் வெண்காயமும் பச்சைமிளகாயும் மஞ்சளும் வெந்ததும் முதற்பாலை விட்டு, நுரைகூடி வரும்போதே இறக்கி, இறக்கிய பின்னரே தேசிப்புளி பிழிய வேண்டும். பொங்கக் கொதித்தாலும், கொதிக்கையிற் புளி விட்டாலும், பாலிலுள்ள புரதம் திரைந்து எண்ணெயும் நீரும் பிரியும். சொதி திரைந்தவிடத்து ஆக்கியவரைப் பழிப்பர். பழி முழுவதும் தீயினுடையது.

இவ்வாறு செய்தால் அடுப்பு எரிவது நாற்பது நிமிடத்துக்கு மேற்போகாது. ஒரு சோறும் நான்கு துணைக்கறியும் அமைகின்றன. 2024ஆம் ஆண்டின் பிற்பகுதியிற் தேங்காய் விலை ஏறியபோது இம்முறையிற் பாதித் தேங்காயோடு ஒப்பேற்றிய வீடுகள் உண்டு. சொதியை விட்டுவிட்டுப் பருப்பைச் சற்றுத் தளரவைத்தாற் போதும்.

இவ்வுணவின் சத்தை ஆராய்ந்தால் அது குறையுணவு என்னும் எண்ணம் நீங்கும். அரிசிப் புரதத்தில் இலைசீன் என்னும் அமினோவமிலம் குறைவு. பருப்பில் அது மிகுதி. பருப்பிற் குறைவான மெதியோனீன் அரிசியில் உண்டு. இரண்டும் ஒரு தட்டிற் கூடும்போது ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்புகின்றது. முருங்கையிலையிலுள்ள கரற்றீன் உடலிற் சேரக் கொழுப்பு வேண்டும். தேங்காய் அதனைத் தருகின்றது. இலையிலுள்ள இரும்பை உடல் ஏற்கத் தேசிக்காயின் உயிர்ச்சத்து சி உதவுகின்றது. சோறு, பருப்பு, கீரை, தேங்காய், புளி என்னும் சேர்க்கையை வறுமையின் அடையாளமாகக் காண்பது அறியாமை. ஆயினும் வளரும் பிள்ளைக்கும் கருவுற்ற தாய்க்கும் மீனோ முட்டையோ தயிரோ வேண்டும் என்பதை ஒளித்துப் பேசுதல் தகாது. பெருமீன் வாங்க இயலாதவிடத்துச் சூடையும் சாளையும் நெத்தலியும் உள. முள்ளோடு மெல்லத்தக்க சிறுமீன் சுண்ணாம்புச் சத்துத் தருவதிற் பெருமீனை வென்றது. பழப்புளி சேர்த்து மண்சட்டியில் அவித்த மீன், புளிப்பின் காரணத்தால் மறுநாட் காலைவரை கெடாது நிற்பது. இன்று ஆக்கியது நாளைக்கும் ஆகின்றமையால் அதுவும் ஒரு விறகுச் சிக்கனம்.

விரைவுச் சமையல் என்பது பெரும்பாலும் முன்கூட்டிச் செய்து சேமித்த உழைப்பேயாகும். அறுவடை முடிந்து ஓய்ந்த நாளில் அரிசி இடித்து வறுத்துத் தகரத்தில் அடைத்த மா, அடுத்த மாதத்தில் ஒரு காலைப் பொழுதை அரைமணி குறைக்கின்றது. கொதிநீர் தெளித்து உதிரியாகக் குழைத்து, தேங்காய்ப்பூவோடு நீற்றுப்பெட்டியிலோ குழலிலோ இட்டு ஆவி வந்த சில நிமிடத்திற் பிட்டு இறங்கும். வறுத்து இடித்த மிளகாய்த்தூளும், வெயிலிற் காய்ந்த கருவாடும், மோரில் ஊறி உலர்ந்த மிளகாயும் அத்தகையனவே. சந்தையிற் பொட்டலமாக விற்கும் உடனுணவுகளும் இதே தத்துவத்தைக் கொண்டவைதாம். வேறுபாடு என்னவெனில், அங்கே முன்னுழைப்புக்கு நாம் விலை கொடுக்கின்றோம், உப்பையும் கொழுப்பையும் அளப்பவர் வேறொருவர்.

இவ்வகையில் எல்லாவற்றினும் முற்பட்டது பழஞ்சோறு. இரவு எஞ்சிய சோற்றை ஆறவிட்டு நீரூற்றி மூடிவைத்தால், விடியுமுன் இலற்றிக்கமிலப் பற்றீரியங்கள் அதனைச் சிறிது புளிக்கச் செய்கின்றன. வயலுக்குப் போவோர் எருமைத் தயிரோ மோரோ விட்டு, சின்னவெண்காயமும் பச்சைமிளகாயும் கடித்துக்கொண்டு அதனை உண்பர். தீச்செலவு ஏதுமில்லை, ஆக்கும் நேரம் ஏதுமில்லை, உச்சிவெயில்வரை தாகம் எடுக்காது. நகரத்து விடுதிகள் சில அதனையே மண்சட்டியில் வைத்து நல்ல விலைக்கு விற்கத் தொடங்கியிருப்பது காலத்தின் விளையாட்டு. வீட்டிற் செய்வோர்க்கு ஒரே ஒரு எச்சரிக்கை: சோறு ஆக்கிய சூட்டோடு மணிக்கணக்கில் திறந்துகிடக்கலாகாது, விரைவில் ஆற்றி நீரூற்றிவிட வேண்டும்.

மூடியிட்டுச் சமைத்தலே சிக்கனம் என்று முன்னர்க் கூறினோம். அதற்கு ஒரு விலக்கு உண்டு. பஞ்ச காலங்களில் நம் நாட்டைத் தாங்கிய மரவள்ளிக் கிழங்கில், வெட்டும்போது ஐதரோசயனிக்கமிலத்தை வெளிவிடும் பொருள் இருக்கின்றது. அந்நஞ்சு 26 பாகையிலேயே ஆவியாகும் இயல்பினது. ஆதலின் தோலை நன்கு நீக்கி, துண்டாக்கி, நிறைய நீரில், மூடியிடாது அவித்து, அவித்த நீரை ஊற்றிவிட வேண்டும். மரவள்ளியை மூடி அவிக்காதே என்று வீட்டுப் பெரியோர் கூறுவது மூடநம்பிக்கை அன்று. விறகைச் சிறிது இழந்தும் உயிரைக் காப்பது அவ்விதி.

இவ்வளவு வளமான அடுக்களை இருக்கவும், அரிசி விளையும் ஊரிலேயே காலையுணவு பாணும் கோதுமை மா ரொட்டியுமாக மாறியது எவ்வாறு? அது வீட்டாரின் சோம்பலால் மட்டும் வந்ததன்று. இலங்கை தனக்கு வேண்டிய அரிசியிற் பெரும்பகுதியைப் பர்மாவிலிருந்து வாங்கிவந்த காலத்தில், 1942இல் பர்மா யப்பானியர் வசமாயிற்று. அவ்வாண்டு ஏப்பிரல் 9ஆந் திகதி திருகோணமலையும் குண்டுவீச்சுக்கு ஆளாயிற்று. அரிசி பங்கீடாயிற்று, அதன் குறையை நிரப்பக் கோதுமை மா வந்தது. பாண் என்னும் சொல் போர்த்துக்கேயர் விட்டுச் சென்றது. பாண் உண்ணும் பழக்கத்தை நாட்டுப்புறம்வரை கொண்டுசென்றது இப்போர்க்காலப் பங்கீடு. பின்னர் 1953இல் பங்கீட்டு அரிசியின் விலை கொத்துக்கு 25 சதத்திலிருந்து 70 சதமாக ஏற்றப்பட்டபோது, ஓகத்து 12ஆந் திகதி நாடு தழுவிய கர்த்தால் மூண்டது. பிரதமர் டட்லி சேனநாயக்கா அவ்வாண்டிலேயே பதவி துறந்தார். ஒரு கொத்து அரிசி ஓர் அரசை அசைக்கும் என்பதை அன்று முதல் எவ்வாட்சியாளரும் மறந்திலர். இறக்குமதிக் கோதுமை மாவை மலிவாக வழங்குவது ஆட்சியாளர்க்கு இலகுவான வழியாயிற்று. எழுபதுகளில் அந்த மாவும் அருகிப் பாணுக்கு விடியுமுன் வரிசையில் நின்றதை மூத்தோர் இன்றும் கூறுவர்.

கோதுமை மாவை இகழ்வது எம் கருத்தன்று. தேங்காய்ப்பூவும் பச்சைமிளகாயும் வெண்காயமும் சேர்த்துத் தட்டிய ரொட்டி பத்து நிமிடத்தில் ஆகும். பள்ளிக்குப் புறப்படும் பிள்ளைக்கு அதனினும் விரைவானது அரிது. ஆயின் கோதுமையின் விலை டொலரைப் பற்றிநிற்பது. மைசூர்ப் பருப்பும் அத்தகையதே. கனடாவிலிருந்தும் அவுஸ்திரேலியாவிலிருந்தும் வரும் அது பெயரில் மட்டுமே மைசூருக்கு உரியது. ஆகவே மேலே காட்டிய சிக்கன உணவும் முழுவதும் நம் கையில் உள்ளது என்று சொல்ல இயலாது. பருப்பின் விலை ஏறியபோது நம் வயலிற் சிறுபோகத்தில் விளையும் பயறு அவ்விடத்தை நிரப்பும். முதல்நாள் இரவில் ஊறவிடும் நினைவு ஒன்றே அதற்கு வேண்டியது.

அந்நினைவு யாருடையது என்னும் வினாவை விடுத்துச் சிக்கனம் பேசுவது நேர்மையன்று. ஊறவிடுதல், இடித்தல், வறுத்தல், உலர்த்தல், பிழிதல், விறகு பொறுக்கல் என்பன யாவும் பணக்கணக்கில் வாராத உழைப்பு. அவ்வுழைப்பைத் தருவோர் பெரும்பாலும் பெண்கள். மலிவான உணவின் விலையில் ஒரு பகுதியை ஆண்டாண்டாக அவர்களே செலுத்திவருகின்றனர். மனையியல் என்னும் பாடம் நெடுங்காலம் பெண்பிள்ளைகளுக்கே உரியதாகக் கருதப்பட்டது. நீர் எத்தனை பாகையிற் கொதிக்கும் என்று விஞ்ஞானப் பாடத்தில் விடையெழுதிப் புள்ளி பெறும் ஆண்பிள்ளை, தன் வீட்டுப் பானைக்கு மூடியிட அறியாதிருப்பது கல்வியின் குறையேயன்றி வேறென்ன?

அக்குறை அவன் பல்கலைக்கழகத்துக்கோ தொலைவூரில் ஆசிரியப் பணிக்கோ சென்று வாடகை அறையில் தங்கும்போது வெளிப்படும். பாணும் பொட்டல நூடில்சும் தேநீருமாக நாள் கழிப்போர் பலர். அவர்கட்கு அம்மியும் வேண்டாம், வைக்கோலும் வேண்டாம். மின்சோற்றுப் பானை ஒன்று போதும். 1955இல் யப்பானின் தொசிபா நிறுவனம் முதன்முதல் விற்பனைக்கு விட்ட தானியங்கிப் பானை, நாம் முன்னர்க் கண்ட உண்மையையே பயன்படுத்தியது: நீர் உள்ளவரை வெப்பம் நூறு பாகையைத் தாண்டாது, நீர் வற்றியதும் அது தாண்டும், தாண்டியவுடன் ஆளி தானே அணையும். வகுப்புக்குச் செல்லுமுன் ஒரு சுண்டு அரிசியும் கால் சுண்டு பயறும் ஒன்றாக ஊறவிட்டுச் செல்லலாம். மீண்டதும் புதுநீர் விட்டு, மஞ்சள், உப்பு, இரண்டு பல் உள்ளி, அரிந்த வெண்காயம் இட்டு, மேலே கழுவிய முட்டை ஒன்றையும் ஓட்டோடு வைத்து மூடினால், வேறு காவல் வேண்டாது இருவருக்கு உணவாகும். ஆளி அணைந்ததும் திறந்து, ஒருபிடி முருங்கையிலையைத் தூவி ஐந்து நிமிடம் மீண்டும் மூடிவைக்க. உண்ணும்போது பாதித் தேசிக்காய் பிழிந்துகொள்ளலாம். எஞ்சிய பாதி மறுநாட் சம்பலுக்கு ஆகும்.